சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டாப் பாக்ஸ் முகப்பில் எரியும் சின்ன விளக்குகள் என்ன சொல்கின்றன என்று பெட்டியிலேயே தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் கம்பெனிக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்? தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். மாதக் கட்டணம் கட்டுகிற டிடிஎச்சில் படம் போனால் போன் போட்டு கம்பெனி ஆளையாவது வரச் சொல்லலாம். 2004-ல் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் டிஷ்ஷையும் பெட்டியையும் ஒரு தடவை கடையில் வாங்கி மாட்டினால் சரி, அப்புறம் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், அதனாலேயே கோளாறு என்றால் வீட்டுக்கு வந்து பார்க்க கம்பெனி ஆள் இல்லை, வெளி மெக்கானிக் வந்தால்தான் உண்டு.

இந்தப் பெட்டிகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன, விளக்கு விஷயத்தில் ஆளுக்கொரு வழக்கம். ஒன்றில் ஸ்டாண்ட்பையில், அதாவது ரிமோட்டில் அணைத்து வைத்த நிலையில், இருந்தால் சிவப்பு, ஓடும்போது பச்சை. இன்னொன்றில் கரன்ட் இருக்கிற வரை சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும், சிக்னல் பிடித்ததும் பக்கத்தில் பச்சையும் சேர்ந்து எரியும். இரண்டிலும் சிவப்பு மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பெட்டிக்கு ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், இரண்டாவதுக்கு மொட்டை மாடி ஏறி டிஷ்ஷைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அம்மா வீட்டுக்கு வந்த மெக்கானிக் ரிமோட்டை அழுத்திவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பெட்ரோல் போட்டுத்தானே வந்தார்.

இரண்டாவது வகைப் பெட்டியில் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் ‘லாக்’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டாலும் தெரியாது. அது எரிந்தால் டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற கருவி), ஒயர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கும் ட்யூனர் அலைவரிசையைப் பிடித்துவிட்டது என்று பொருள். அப்படியும் டிவியில் படம் வரவில்லையென்றால் மாடிக்குப் போக வேலையே இல்லை, பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள ஒயரையோ, குழந்தைகள் மாற்றி வைத்த டிவி இன்புட்டையோ பார்த்தால் போதும். லாக் எரியவில்லை என்றால்தான் மேலே வேலை. ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது, நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே நல்ல உயரத்தில். காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பினாலே லாக் போய்விடும். எல்என்பிக்குத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் பெட்டியிலிருந்து அதே ஒயரில்தான் மேலே போகிறது, ஆகவே கனெக்டரைத் திருகும்போது சுற்றியிருக்கும் வலைக்கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போச்சு, எல்என்பிக்குக் கரன்டே போகாது. ஒயரைக் கழற்றுவதற்கு முன் பெட்டியை சுவிட்சில் அணைத்துவிடுங்கள். பலத்த மழையில் லாக் அணைந்தால் மட்டும் எதையும் தொட வேண்டாம், மழை விட்டதும் தானே வரும். அந்த நேரத்தில் டிஷ்ஷைத் திருப்பிவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த விளக்குமே எரியவில்லையா, முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். அதே வோல்ட் உள்ள இன்னொன்றைப் போட்டுப் பார்க்காமல் பெட்டியே போச்சு என்று புதிது வாங்காதீர்கள்.

செட்டாப் பாக்ஸ் விற்க வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2012-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. பதிவு எண்ணைப் பெட்டியில் அச்சிட இடம் இருக்கும்போது, எந்த விளக்கு எதற்கு என்று நாலு வரி போடவும் இடம் இருக்கும். விளக்குக்கு மேலே ‘மின்சாரம்’, ‘சிக்னல்’ என்றும் எழுதிவிட வேண்டும், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடி என்றால் எப்படி?

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்