கவிதை ஒப்பாய்வு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். இவ்வாண்டு பெங்களூரு அல்சூரில் ஒன்பது கூட்டங்கள் நடைபெற்றன. பாரதி பிறந்த நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது.

ஒன்பதில் ஆறு கூட்டங்களைச் செயலாளர் தமிழ், கன்னடப் புதுக்கவிதைகளை ஒப்பிடும் தம் சொந்த ஆய்வுக்கே எடுத்துக்கொண்டார் என்ற குறை என் காதுக்கும் எட்டியதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சி.சு.செல்லப்பா, புதுக்கவிதைக்கு இடம் தந்த ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது 1959 ஜனவரியில். கன்னடத்தில் கவிஞர் கோபாலகிருஷ்ண அடிகரின் ‘பூமிகீத’ என்ற கவிதைத் தொகுப்பு வெளிவந்ததும் அதே 1959இல். இரு மொழியும் புழங்கும் ஊரில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் நாம் இதுவரை சேர்த்து வைத்துப் படித்ததில்லை. மேலைத் தாக்கம் என்று இரண்டுக்கும் ஒரே முத்திரையைக் குத்திவிட்டால் ஆய்வு முடிந்தது என்பது நம் கட்டுரையாளர்களின் எண்ணம். ஆனால் அடிகர் நெருங்கிப் பயின்றது ஆங்கிலக் கவிஞர் டி.எஸ்.எலியட்டை; ந.பிச்சமூர்த்தி 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் தொடங்கி எழுதிய புதுக்கவிதைக்குத் தூண்டுதல் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன். அந்த விட்மனைப் பாரதி முன்பே நமக்கு அறிமுகம் செய்துவிட்டார். ஆங்கிலம் ஒன்றுதான் என்றாலும், நுழைந்த வாசல்கள் வேறு.

ஜூலைக் கூட்டத்தில் கன்னட நண்பர் ஒருவர் அடிகரை உரக்கப் படித்தபோது, நம் மூத்த உறுப்பினரின் விரல்கள் காபி டம்ளரில் தாமாகவே தாளம் போட்டன. யாப்பை வளைத்தாலும் மாத்திரை லயத்தை அடிகர் கைவிடவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்துப் பிச்சமூர்த்தியைப் படித்ததும், “இதில் தாளம் எங்கே?” என்று அந்நண்பர் கேட்டார். அரை மணி நேரம் வாதிட்டோம். இதையெல்லாம் கேட்க அன்று அவையில் இருந்தவர்கள் ஏழு பேர்.

உறுப்பினர்கள் முப்பத்தொருவர், அவர்களில் பத்தொன்பது பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டும் ஒயிட்ஃபீல்டு நண்பர்களுக்கு, மெட்ரோவின் ஊதா வழித்தடம் அங்கிருந்து அல்சூருக்கு நேராகவே வருகிறது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். ஜெராக்ஸ் செலவில் விழுந்த துண்டைப் பொருளாளரும் நானும் சரிசெய்துகொண்டோம். அரங்கம் தந்தவர்களுக்கும் காபி தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மராத்திக் கவிஞர் மர்டேகரையும் மலையாளக் கவிஞர் அய்யப்ப பணிக்கரையும் இவ்வரிசையில் சேர்க்க எண்ணம். மலையாளத்துக்கு ஆள் இருக்கிறார். செயலாளர் பொறுப்பில் எனக்கு இது நான்காம் ஆண்டு. வேறொருவர் முன்வந்தால் குறிப்பேடுகளையும் பீரோ சாவியையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். அவர் மராத்தி படிக்கத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.