லண்டன் கல்யாணமும் பாடன் மாப்பிள்ளையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜெர்மனி ஒன்றிணைப்புக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 1858 ஜனவரியில் லண்டனில் நடந்த கல்யாணத்துக்கு அதில் கொடுத்திருக்கும் இடம் ரொம்ப அதிகம். விக்டோரியா ராணியின் மூத்த மகள் விக்கி, ஜெர்மனியைப் பின்னாளில் ஒன்றிணைத்த பிரஷ்ய நாட்டின் அரச குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டால் பெர்லினில் பிரிட்டிஷ் பாணி அரசியல் வேரூன்றும் என்று ராணியின் கணவர் ஆல்பர்ட் கணக்குப் போட்டது உண்மைதான். 1862இல் பிஸ்மார்க் பிரஷ்யப் பிரதமரானதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. அடுத்த ஆண்டு பத்திரிகைகளின் வாயைக் கட்டும் ஆணை வந்தது. விக்கியின் கணவர், பட்டத்து இளவரசர் பிரெடரிக், டான்சிக் நகரில் அதை எதிர்த்து ஒருமுறை பேசினார், அப்பாவான மன்னர் வில்ஹெல்மிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் பொதுவில் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கல்யாணத்தால் நிலைத்தது இசையமைப்பாளர் மெண்டல்சோனின் வெட்டிங் மார்ச் ஒன்றுதான் என்பேன். சர்ச் கல்யாணங்களில் அந்த இசை பரவியது அதற்குப் பிறகே.

பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போரிட்ட 1866ஐக் கட்டுரையாளர் ஒரே பத்தியில் தாண்டிவிட்டார். சம்பந்தம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க அதைவிட நல்ல ஆண்டு கிடையாது. பிரஷ்யாவின் முந்தைய மன்னருடைய விதவை எலிசபெத், எதிரணியில் நின்ற ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்புக்குச் சொந்தப் பெரியம்மா. விக்கியின் தங்கை ஆலிஸ், ஆஸ்திரியா பக்கம் நின்ற ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் என்ற ஜெர்மன் நாட்டில் வாழ்க்கைப்பட்டவர். ஆக, சகலைகள் இருவரும் எதிரெதிர்ப் படைகளில். பிரெடரிக் படையோடு போயிருந்த ஜூன் மாதத்தில், இரண்டு வயதுகூட நிரம்பாத மகன் சிகிஸ்மண்ட் மூளைக்காய்ச்சலில் இறந்தான். அடக்கத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை. அதே அணியில் நின்ற இன்னொரு ஜெர்மன் நாடான ஹனோவரின் மன்னர், கண்பார்வை இழந்த ஐந்தாம் ஜார்ஜ், விக்டோரியா ராணிக்குச் சித்தப்பா மகன். அவர் நாட்டையே பிரஷ்யா விழுங்கிவிட்டது, பிறகு சொத்தையும் பறிமுதல் செய்தது.

அந்தச் சொத்தின் வருமானம் போன இடம்தான் சுவாரசியம். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கின் அம்மா பிரஷ்ய இளவரசி. அப்படியிருந்தும், வில்ஹெல்ம் பேரரசர் பட்டத்தை ஏற்கவேண்டும் என்று கேட்கும் கடிதத்தை 1870 நவம்பரில் லுட்விக்கிடமிருந்து வாங்க, பிஸ்மார்க்கே வாசகத்தை எழுதித் தர வேண்டியிருந்தது. ஹனோவர் பணமும் ரகசியமாகக் கைமாறியது. அம்மா வழி உறவு மட்டும் போதவில்லை.

அதற்காகச் சம்பந்தங்களே வீண் என்று சொல்லமாட்டேன். கட்டுரையில் பெயர்கூட வராத இரண்டு, லண்டன் கல்யாணத்தைவிட அதிகம் உதவின. வில்ஹெல்மின் தங்கை சார்லட் 1817இல் ரஷ்யாவுக்கு மருமகளாகப் போனார். அவர் மகன்தான் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர். 1870இல் தாய்மாமன் பிரான்சோடு மோதியபோது அவர் ஒதுங்கி நின்றதோடு, ஆஸ்திரியாவும் தலையிடாமல் பார்த்துக்கொண்டார். அதில் பாசம் பாதி என்றால், கருங்கடலில் ரஷ்யா போர்க்கப்பல் வைக்கக் கூடாது என்ற 1856 தடையை உடைக்கும் ஆசை மீதி.

இன்னொன்று, வில்ஹெல்மின் மகள் லூயிஸ் 1856இல் தென் ஜெர்மனியின் பாடன் நாட்டுக் கோமகனை மணந்தது. 1871 ஜனவரி 18, வெர்சாய் கண்ணாடி மண்டபம், பேரரசை அறிவிக்கும் விழா. ‘ஜெர்மனியின் பேரரசர்’ என்ற பட்டம்தான் வேண்டும் என்று வில்ஹெல்ம் பிடிவாதம்; மற்ற மன்னர்கள் அதை ஏற்கமாட்டார்கள், ‘ஜெர்மன் பேரரசர்’ என்பதோடு நிறுத்தவேண்டும் என்று பிஸ்மார்க். முதல் வாழ்த்தொலி எழுப்பவேண்டியவர் மாப்பிள்ளை. அவர் இரண்டையும் விட்டுவிட்டு ‘பேரரசர் வில்ஹெல்ம் வாழ்க’ என்று முழங்கினார். யாரும் மறுக்க வழியில்லை. மேடையிலிருந்து இறங்கிய வில்ஹெல்ம் தன்னைக் கண்டுகொள்ளாமல் தளபதிகளிடம் போய்க் கைகொடுத்ததை பிஸ்மார்க்கே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

தொடர் தொடர்வதாக இருந்தால் ஹனோவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கச் சொல்லுங்கள். அந்தப் பகை தீர்ந்தது 1913இல், பிரஷ்ய அரச குடும்பத்துப் பெண் ஹனோவர் குடும்பத்துக்கு மருமகளாகப் போனபோதுதான். கூடவே ஒரு வம்சாவளிப் படமும் போட்டால் நல்லது. பிரெடரிக், வில்ஹெல்ம் என்று ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து தலை சுற்றுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்