நான்காவது சீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள குர்லா, வடாலா அக்கா, சிவ்ரி, காட்டன் கிரீன், திலக் நகர் ஆகியோருக்கு,

செம்பூர் எழுதிக்கொள்வது.

ரயில் நிலையங்களுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று வெளியாட்கள் கேட்கலாம். மும்பையின் ஹார்பர் லைன் புறநகர் ரயிலில், மகளிர் பெட்டியில் போய்வருகிறவர்கள் கேட்க மாட்டார்கள். அங்கே ஏறுகிற இடம்தான் பெயர். "குர்லா இன்று லீவா?" "சிவ்ரிக்குப் பை போட்டு இடம் பிடி." பதினெட்டு ஆண்டுகளாக நான் செம்பூர். எல்லாரையும்விட மூத்தவர் என்பதால் வடாலாவுக்கு மட்டும் பின்னால் ஓர் அக்கா உண்டு. என் முதுகு அறுவைக்காக மருத்துவமனையில் படிவம் நிரப்பிய அன்று என் முழுப்பெயர் தெரியாமல் குர்லா பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் கேட்காமலே எழுதிவிட்டாள்.

உண்மைப் பெயர்களைப் போட்டால் பேச்சு வார்த்தை கிடையாது என்று நீங்கள் ஐந்து பேரும் மிரட்டியிருக்கிறீர்கள். எனவே நிலையப் பெயர்களே இருக்கட்டும். மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால், உங்களைப் பற்றி உங்களிடமே மூன்றாம் மனுஷிபோல் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதம், நல்ல மழை. சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குர்லா கூப்பிட்டாள். அவள் கையில் என் இடது செருப்பு. ஈரப் பிளாட்ஃபாரத்தில் பத்து எட்டு வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. குர்லா ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் செவிலி. சிரிக்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்து, "இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே தூக்கு" என்றாள். வலது விரல் படமெடுத்தது. இடது விரல் யாருக்கோ சொன்னதுபோல் கிடந்தது. நான் பல்லைக் கடித்துத் தூக்கினேன், இன்னும் கிடந்தது. "இன்று உனக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை" என்றாள்.

அதற்கு முன் ஆறு மாதமாக இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு நெருப்புக் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் கட்டினேன். தைலம் தேய்த்தேன். இது வயதுக்கு வருகிற வலி என்று எனக்கு நானே வைத்தியமும் சொல்லிக்கொண்டேன். ஐம்பத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து மருத்துவர் விளக்கினார். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள். ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவே ஒரு மெத்தை: வெளியே கெட்டியான வளையம், உள்ளே கூழ். வளையம் விரிசல் விட்டுக் கூழ் பிதுங்கினால் பக்கத்தில் போகிற நரம்பை அழுத்தும். எனக்கு நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே ஒரு துண்டு பிதுங்கி, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பாதத்தையும் கட்டைவிரலையும் தூக்கச் சொல்கிற நரம்பு அதன் அடியில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேர் பெஞ்சில் நான்காவதாக ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்க, பதினெட்டு ஆண்டுகள் நான் செய்ததும் அதைத்தானே! ரயில்தான் காரணமா என்று கேட்டேன். அப்படி ஒன்றின் மேல் பழிபோட முடியாது, வயதாக ஆக இந்த மெத்தை தானே காய்ந்து தளரும் என்றார். நான்காவது சீட் விடுதலையானது.

அதற்கு முன் போன ஓரிடத்தில், ஐந்து நிமிடம் படத்தைப் பார்த்துவிட்டு, கம்பியும் திருகாணியும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும், நாளையே சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். செலவைக் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். குர்லாதான் படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் கூட்டிப்போனாள். எலும்புகள் அசையாமல் நிற்கின்றன, பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தால் போதும் என்றார் அவர். கூடவே ஒன்று சொன்னார்: இந்த நோய் வந்த பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மருந்தாலும் பயிற்சியாலும் தானே அடங்கிவிடும், கத்தியே தேவைப்படாது. ஆனால் கால் வலுவிழந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. அப்படி யோசித்துச் சொல்ல ஆள் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

தேதி குறித்த நாளிலிருந்து குர்லா தினமும் ஒரு கேள்வி கேட்டாள், கூட்டமான பெட்டியில், முழுக் குரலில்: "சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா?" பெட்டியே திரும்பிப் பார்க்கும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அன்றைக்கே ஓட வேண்டும், மறுநாள் என்பது கிடையாது என்று பிறகு விளக்கினாள். அவளை நான் திட்டிய திட்டுகளை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் வந்தார்கள். முதுகில் கத்தி வைத்து எழுந்திருக்காமலே போன ஒருவரை ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. விசாரித்தால் எல்லாரும் சொன்னது ஒரே ஆளைத்தான். அவரும் விழுந்தது தென்னை மரத்திலிருந்து.

பணம். காப்பீட்டில் ஒரு பகுதிதான் என்றார்கள், அதுவும் கடைசி நாள் மாலையில். நம் பெட்டியில் ஓடுகிற மாதச் சீட்டு அந்த மாதம் வடாலா அக்காவுக்கு விழுந்திருந்தது. அவர் பையிலிருந்து உறையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்று எண்ணவும் இல்லை, எழுதி வாங்கவும் இல்லை.

அறுவை நவராத்திரியில் அமைந்தது. மும்பையில் ஒன்பது நாளுக்கும் ஒன்பது நிறம், பெட்டி முழுக்க ஒரே வண்ணத்தில் போகும். அன்று பச்சை. எனக்கும் மருத்துவமனை பச்சை அங்கியே மாட்டிவிட்டது. படமெடுத்து அனுப்பியபோது, "செம்பூர் மட்டும் இஸ்திரி போடவில்லை" என்று காட்டன் கிரீன் பதில் எழுதினாள். மயக்க ஊசி போடும்வரை அதை நினைத்துச் சிரித்தேன்.

உள்ளே நான் கிடந்த நேரம் வெளியே நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முப்பது வருடம் மும்பையில் இருந்தும் மராத்தியில் காய்கறிப் பெயர்களும் எண்களும் மட்டுமே தெரியும். சிவ்ரிக்கு மராத்தி தவிர வேறு தெரியாது. அவள் இரண்டு கிலோ கொத்தவரங்காயோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ரயிலில் காய் ஆய்ந்து பழகிய கை. "கவார்" என்று காட்டினாள். அம்மா தலையாட்டிவிட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் நார் கிள்ளிக்கிள்ளி, இரண்டு கிலோவும் தீருவதற்குள் மருத்துவர் வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா எந்த முருகனைச் சொன்னாலும் பின்னாலேயே சிவ்ரியையும் சேர்த்துக்கொள்கிறார்.

மறுநாளே நடக்கவைத்தார்கள். முதுகில் ஓர் அங்குலத் தழும்பு. கால் வலி மயக்கம் தெளிந்தபோதே காணோம். யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் இருந்தது. ஆனால் என் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், ஐம்பத்து நான்கு படிகள். வீட்டுக்கு எப்படிப் போவது என்று நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் திலக் நகர் முடிவு எடுத்துவிட்டிருந்தாள். அவள் வீடு தரைத்தளம். ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, அவ்வளவுதான். அறையை எனக்கும் அம்மாவுக்கும் விட்டு, அவளும் கணவரும் மகளும் கூடத்தில் படுத்தார்கள். ஐந்து வாரம். மும்பையில் வீடு பார்த்தவர்களுக்கு ஓர் அறை என்றால் என்னவென்று தெரியும், மேலே சொல்லத் தேவையில்லை.

அங்கே கொண்டுவந்த டாக்ஸி ஓட்டுநருக்கும் நன்றி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "கட்டா!" என்று அறிவித்துவிட்டுத்தான் சக்கரத்தை இறக்கினார். வழியில் இருபத்தேழு. எனக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

குனியக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. இதில் குனியக் கூடாது என்பதன் முழு அர்த்தம் மூன்றாம் நாள்தான் புரிந்தது. உலகத்தில் பாதி தரையில் இருக்கிறது. சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை, ரிமோட், எதுவும் கையில் நிற்காது. அம்மா அடுக்களை இடுக்கியை என் தலைமாட்டில் வைத்தார், பால் பாத்திரம் பிடிக்கிற அதே இடுக்கி. மாத்திரைக்கு அது ஆகாது. திலக் நகரின் எட்டு வயது மகள் பள்ளிவிட்டு வந்ததும் கட்டிலுக்கடியில் புகுந்து அன்றைய வசூலை எடுத்து வரிசையாக வைப்பாள். பொருளுக்கு ஒரு பிஸ்கட் கூலி. இரண்டாவது வாரத்தில் நான் வேண்டுமென்றே சிலவற்றைத் தவறவிட்டேன். அவளும் வேண்டுமென்றே அதைக் கண்டுகொள்ளவில்லை.

படுக்கையிலிருந்து எழுவதற்கு குர்லா சொல்லிக்கொடுத்த முறை இது. முழங்காலை மடக்கு. தோளும் இடுப்பும் ஒரே துண்டாக, மரக்கட்டை உருளுவதுபோல், ஒருக்களித்துப் படு. கால்களைக் கட்டிலுக்கு வெளியே விடும்போதே முழங்கையை ஊன்றி எழு. எழுதினால் நான்கு வரி. முதல் வாரம் ஒரு முறை எழ நாலு நிமிடம் ஆனது. அம்மா பக்கத்தில் நின்று, "கட்டை, கட்டை" என்று தாளம் போடுவார்.

இரவுச் சாப்பாட்டை எல்லாம் திலக் நகர் தலையில் கட்டக் கூடாது என்று நீங்கள் ஓர் அட்டவணை போட்டீர்கள். அதைப் பார்த்த கணக்குப் பிரிவுக்காரியாகச் சொல்கிறேன், அது தேர்ந்த வேலை. திங்கட்கிழமை மாலை வண்டி காட்டன் கிரீனில் நிற்கும். அவளுடைய மாமியார் மகளிர் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் தூக்குப் பையோடு காத்திருப்பார். இறங்குகிற மருமகள் அதை வாங்கி, எப்போதும் திறந்தே கிடக்கிற வாசலில் உள்ளே திலக் நகரிடம் நீட்டுவாள். அரை நிமிடம்கூட நிற்காத வண்டி. செவ்வாய் சிவ்ரி, வியாழன் வடாலா. காலி டப்பாக்கள் மறுநாள் காலை வண்டியில் அவரவரிடம் சேரும். ஐந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் பை கைமாறாமல் போனது. அன்று ரசம் எதிர்த்திசை வண்டியில் மஸ்ஜித் நிலையம் வரை போய் வந்தது என்று கேள்வி.

இன்னொன்றை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. என் கால் நகங்கள் வளர்ந்து போர்வையில் மாட்டிக்கொண்டிருந்தன. கை எட்டாது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. வடாலா அக்கா பார்க்க வந்தவர் போர்வை சரிசெய்யும்போது பார்த்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பெரியவர் கையைக் காலில் பட விடுவதா என்று நான் காலை இழுக்கப் பார்த்தேன். இழுக்கவும் வராத கால் அது. "சீட்டில் என் மடியில் எத்தனை நாள் தூங்கியிருக்கிறாய், அப்போது எங்கே போயிற்று மரியாதை?" என்றார். பத்து நகமும் வெட்டினார். இடது கட்டைவிரலை வெட்டும்போது, "தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை. மரத்துத்தான் இருந்தது. தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அக்கா, அன்று சொன்னது பொய்.

இப்போதைய நிலவரம்: வலி முதலில் போகும், வலு பிறகு வரும், மரப்பு கடைசியில்தான் விலகும், சிலருக்கு முழுக்க விலகாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அந்த வரிசையில்தான் நடக்கிறது. கட்டைவிரல் முக்கால்வாசி எழும்புகிறது. செருப்புக்குப் பின்வார் வைத்துக்கொண்டேன். காலையில் டயமண்ட் கார்டன் பூங்கா வரை நடந்து திரும்புகிறேன். பன்னிரண்டாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். என் வேலைகளைப் பங்கு போட்டுச் செய்துவந்த அலுவலகத்து மூவருக்கும் தனியே இனிப்பு கொடுத்தாயிற்று, இங்கே நீட்டவில்லை.

ரயிலில் எனக்கு ஜன்னலோரம் ஒதுக்கி வைக்கிறீர்கள். நான் பாதி வழி நின்றுகொண்டு வர வேண்டியவள். அதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறீர்கள். தயவுசெய்து குர்லாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வடாலா அக்காவின் சீட்டுப் பணம் பாதி திரும்பிவிட்டது, மீதி ஏப்ரலில். சிவ்ரியின் மாமியாருக்கு இடுப்பு முறிந்தபோது வாங்கிய வாக்கர், கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியது, என் வீட்டிலேயே இருக்கிறது. கழிப்பறை நாற்காலியும் இருக்கிறது. செம்பூர், திலக் நகர், குர்லா பக்கம் யாருக்குத் தேவைப்பட்டாலும் சொல்லியனுப்புங்கள், வாடகை கிடையாது. டப்பாக்களில் ஒரு எவர்சில்வர் மூடி மிஞ்சிவிட்டது. ஓரத்தில் 'மீ.' என்று எழுத்து வெட்டியிருக்கிறது. உங்களில் யாருக்கும் அந்த எழுத்து இல்லையாம், அப்படியானால் அட்டவணையில் இல்லாத யாரோ ஒருவர் எனக்குச் சமைத்து அனுப்பியிருக்கிறார். அவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூடி கட்டிலுக்கடியில் பின்பக்கமாக உருண்டு கிடக்கிறது. எடுப்பதற்கு மட்டும் அவர்தான் குனிய வேண்டும்.

இப்படிக்கு,
செம்பூர்