எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ள என்று நீ அனுப்பிய மூன்று புத்தகங்களின் அட்டைப் படங்களையும் பார்த்தேன். "எதை வாங்கட்டும், சீக்கிரம் சொல்லும்மா" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. வேலை முடிந்து ரூமுக்குப் போனதும் நிதானமாகப் படி.

முதலில் அந்த ட்ரீம்வீவர் புத்தகத்தை விட்டுவிடு. உன் ரூமில் இருக்கும் அண்ணன் அதை வைத்துத்தான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டார் என்கிறாய். சரி, அவர் படித்த காலத்துக்கு அது நல்ல வழிதான். 1997-ல் மேக்ரோமீடியா கொண்டுவந்த மென்பொருள் அது, 2005-ல் அந்தக் கம்பெனியையே அடோபி வாங்கியது. திரையில் படத்தை இழுத்து வைத்தால் பின்னால் அதற்கான கோடை (code, கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள்) தானே எழுதிக்கொள்ளும். ஆனால் ஒரு மென்பொருளின் பெயரைத் தலைப்பில் வைத்திருக்கும் புத்தகம் பெரும்பாலும் அதன் மெனுவைத்தான் சொல்லித்தரும். இதை அழுத்து, அது திறக்கும், வலது பக்க பட்டனைத் தட்டு, இப்படியே போகும். அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறினால் தீர்ந்தது. புளியமரத்தை அடையாளம் வைத்தே ஊருக்கு வழி சொல்லிப் பழகியவர்கள், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மரமெல்லாம் சாய்ந்த பிறகு திண்டாடினார்களே, அதே கதைதான்.

இங்கே பந்தலடி பக்கம் நான் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில், ட்ரீம்வீவர் மாதிரியே இழுத்து வைத்துப் பக்கம் செய்யும் பிரண்ட்பேஜ்தான் பாடம். மைக்ரோசாஃப்ட் 2006 கடைசியில் அதைக் கைகழுவிய பிறகும் அங்கே அதே பாடம்தான் ஓடியது, ஏனென்றால் அச்சடித்த நோட்ஸ் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தது. நீடாமங்கலத்திலிருந்தும் வடுவூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து ஃபீஸ் கட்டிப் படித்த பிள்ளைகள், சர்டிபிகேட்டோடு சென்னைக்கு இன்டர்வியூ போய், நோட்பேடைத் திறந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டு என்றதும் முழித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் தப்பித்தாள். பக்கத்தை முடித்ததும் அதன் கோடைத் திறந்து, நான் இழுத்து வைத்ததற்கு இது என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது.

ஆகவே உனக்குத் தேவை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், அதை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் கையால் எழுத வைக்கும் புத்தகம். எழுதுவதற்கு விஎஸ் கோட் என்ற எடிட்டர் போதும், 2015-லிருந்து மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. அதற்கென்று தனிப் புத்தகம் வாங்கிக் காசைக் கரைக்காதே. ஃபோல்டரைத் திறக்கவும் ஃபைலைச் சேமிக்கவும் தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம், மிச்சம் பழகப் பழக வரும்.

நீ அட்டையை எடுத்து அனுப்பியிருக்கிறாய், எனக்கு வேண்டியது உள்ளே தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம். பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தபோது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஏறிப் பார்த்தேன். "2022 புக்கு மேடம், புதுசு" என்று எடுத்து நீட்டினார். திருப்பினால் முதல் பதிப்பு 2009, அதற்குக் கீழே வரிசையாக மறுபதிப்புகள். பழைய பக்கங்களையே திரும்ப அச்சடித்துத் தேதியை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். திருத்திய பதிப்பு என்று இருந்தால்தான் எழுதியவர் அதில் கை வைத்திருக்கிறார் என்று நம்பலாம். பின்னட்டையில் சிடி ஒன்றும் ஒட்டியிருந்தது. உன் லேப்டாப்பில் சிடி போட இடம் எங்கே இருக்கிறது?

தேதியையும் நம்ப வேண்டாம் என்றால் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவைப் புரட்டு, அதில் பொய் சொல்ல முடியாது. வியூபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார். போன் திரைக்குத் தக்கபடி பக்கம் அடங்குவதற்கு எழுதும் வரி அது, அதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் எல்லோரும் பெரிய மானிட்டரில் பார்த்த காலத்தில் எழுதிய புத்தகம் என்று வைத்துக்கொள். அப்புறம் பக்கத்தில் எதை எங்கே வைப்பது என்று சொல்லும் சிஎஸ்எஸ் முறைகளான ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட். கிரிட் 2017-ல்தான் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்தது. இவை வருவதற்கு முன்னால் பக்கம் முழுவதையும் டேபிளுக்குள் அடைத்தோ, ஃப்ளோட் போட்டு இழுத்துப் பிடித்தோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் ஒரு மதிப்புக்குப் பெயர் வைக்கும் சொற்களான லெட் (let), கான்ஸ்ட் (const) இரண்டும் கண்ணில் பட வேண்டும். பழைய வார் (var) மட்டுமே இருந்தால் 2015-க்கு முந்தைய சரக்கு. பக்கத்தில் அசையும் படம் காட்டிய ஃபிளாஷுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருந்தால் யோசிக்காமல் மூடி வைத்துவிடு, 2020 டிசம்பரோடு அதன் ஆயுள் முடிந்தது.

உன் இரண்டாவது படத்தில் இருக்கும் தடிப் புத்தகம், எச்டிஎம்எல்லில் தொடங்கி, சர்வரில் ஓடும் பிஎச்பி, தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் வரை எல்லாம் ஒன்றிலேயே, அதுதான் லாபம் என்று உனக்குத் தோன்றும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றும் அரைகுறையாக இருக்கும், ஒன்று பழசாகிப்போனால் புத்தகமே பழசாகிவிடும். பிஎச்பி பகுதியில் டேட்டாபேஸை இணைக்கும் வரி மைஎஸ்கியூஎல் (mysql) என்று தொடங்குகிறதா, மைஎஸ்கியூஎல்ஐ (mysqli) என்று தொடங்குகிறதா என்று பார். கடைசியில் அந்த ஒரு ஐ இல்லாத பழைய முறையை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே தூக்கிவிட்டார்கள், எழுதினால் ஓடவே ஓடாது. டேட்டாபேஸை இணைக்கும் இன்னொரு முறையான பிடிஓ (PDO) என்று இருந்தாலும் சரிதான். இருந்தாலும் இதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் கட்டிய ரியாக்டும் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் கைக்கு வராமல் அதில் இறங்கினால் எது மொழி, எது ரியாக்ட் என்றே பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இன்னொன்று. எச்டிஎம்எல்லில் தப்பாக எழுதினால் பிரவுசர் சண்டைக்கு வராது. மூட வேண்டிய டேகை (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் அடையாளம்) மூடாமல் விட்டாலும் தானே எதையோ ஊகித்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். புதிதாகக் கற்பவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், தப்பு எங்கோ இருக்கும், கோணல் வேறெங்கோ தெரியும். அதனால் எஃப்12 அழுத்தித் திறக்கும் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லி, வேண்டுமென்றே தப்பான கோடைக் கொடுத்து, கண்டுபிடி என்று கேட்கிற புத்தகம் கிடைத்தால் விலை கொஞ்சம் அதிகமானாலும் வாங்கிவிடு. சரியான கோடை மட்டும் காட்டிக்கொண்டே போகும் புத்தகம் படிக்கச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படித்துப் பார். திருத்துறைப்பூண்டி மாமா தன் நெல்லுக்கும் அரிசிக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று உன்னை நச்சரிக்கிறாரே, அதை மனதில் வைத்துக்கொண்டு படி. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி என்று பெயரும் கிலோ விலையும் போட்டு, கீழே போன் நம்பர் வைத்து, உன் போனிலேயே திறந்து பார்க்கிற அளவுக்கு முதல் சில அதிகாரங்களில் உன்னைக் கொண்டுபோய் விடுகிறதா? (விலைப்பட்டியலுக்கு டேபிள் போடலாம், அது அதற்காகவே உள்ளது.) சில புத்தகங்கள் டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன், 1991-ல் வந்த முதல் தளம் என்று வரலாற்றிலேயே ஐம்பது பக்கம் ஓட்டிவிடும். படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து உட்காருகிறவனுக்கு முதல் நாளே ஏதாவது ஒன்று திரையில் வந்தால்தான் மறுநாளும் உட்காரத் தோன்றும்.

மாமாவுக்கு அவசரமாகக் கடை திறந்து கொடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வேறு பேச்சு. கோட் எழுதாமலே தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் புத்தகம் ஒன்று போதும், 2018 டிசம்பரில் 5.0 வந்தபோது எடிட்டரே மாறிவிட்டதால் அதற்குப் பிறகு எழுதியதாக மட்டும் இருக்கட்டும். ஆனால் நீ வேலையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறாய். சாட்ஜிபிடி கோட் எழுதித் தருகிறதே என்றும் சொல்கிறாய். எழுதட்டும், எழுதியது சரியா என்று படித்துப் பார்க்க ஆள் வேண்டாமா?

தமிழில் வாங்கவா, ஆங்கிலத்திலா என்றும் கேட்டிருந்தாய். கணியம் குழுவினர் எளிய தமிழில் கணினி நூல்களை இலவச மின்னூலாகவே தருகிறார்கள், காசு கொடுப்பதற்கு முன் அதை போனில் இறக்கிக்கொள். ஏன், எதற்கு என்பதைத் தமிழில் படித்தால் சட்டென்று பிடிபடும். டேக் பெயரும் எரர் மெசேஜும் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால் பக்கத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் பார்க்க மோசில்லாவின் எம்டிஎன் என்ற விளக்கத் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் ஆரம்பத்தில் எதற்குப் பின் எது என்ற வரிசை வேண்டும், அதற்குத்தான் புத்தகம். யூடியூப் பார்ப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே டைப் செய்தால் சரி.

மாமாவின் பக்கத்தில் தமிழ் எழுத்து வர வேண்டுமே, எல்லா மொழி எழுத்தையும் காட்ட உதவும் யூடிஎஃப்-8 குறியீட்டை அறிவிக்கிற வரியை அந்தப் புத்தகம் முதல் பக்கத்திலேயே எழுத வைக்கிறதா என்றும் பார்த்துக்கொள். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு ஃபான்ட் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். நீ இருக்கும் சிங்கப்பூரில்தான் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1990-களிலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார், 1997-ல் தமிழ் இணைய மாநாடும் அங்கேதான் நடந்தது. உன் ரூமில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பார்.

மூன்றாவது படத்தில் இருக்கும் மெல்லிய புத்தகம்தான் எனக்குத் தோதாகப் படுகிறது, ஆனால் உள்ளே பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போவாய் அல்லவா, அப்படியே விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்கு நடந்து போ. உள்ளே உட்கார்ந்து படிக்கக் கார்டு தேவையில்லை. அந்தப் புத்தகமே இருந்தால் ஒரு அதிகாரத்தை லேப்டாப்பில் செய்து பார்த்துவிட்டு வாங்கு, எதிரே பிராஸ் பாசாவில் பழைய புத்தகக் கடைகளும் இருக்கின்றன. இல்லையென்றால் கடையிலேயே தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் சொல்லடைவையும் போட்டோ எடுத்து அனுப்பு, அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.

மாமா கைப்பட எழுதிய விலைப்பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கவுனி விலையை மட்டும் இப்போதைக்குக் காலியாக விடு, அறுவடை முடிந்துதான் சொல்வாராம்.

அம்மா
மன்னார்குடி