இஸ்தோப்பில் பாடம் சொன்ன பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிக்கடி நான்கு வரியில் வெளிவரும் குளவிக்கொட்டுச் செய்திகளை நானும் மேலோட்டமாகப் படித்துக் கடந்தவன்தான். சென்ற பங்குனியில் என் தங்கையின் மூத்த மகள் அப்படியொரு செய்தியாகும் வரை.

21 வயதான அவள், உயர்தரத்தில் சித்தியடைந்து, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த காலத்தில், மாலைதோறும் எங்கள் லயத்து (தோட்டத் தொடர்வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். சுண்ணக்கட்டித் துண்டுகளைச் சேர்த்து வைத்த அந்தப் பழைய பிஸ்கட் டின் இன்னும் ஜன்னலோரத்தில் இருக்கிறது; அதை எடுத்து வைக்க என் தங்கைக்கு மனம் வரவில்லை. கூட்டலில் பிழை விட்டால் அடிக்க மாட்டாள், “மாமாவிடம் கடையில் மிச்சக்காசு வாங்கி வா, பார்ப்போம்” என்று என்னிடம் அனுப்புவாள். (எனக்கும் கணக்கு அவ்வளவாக வராது என்பது அவளுக்குத் தெரியும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாய்க்குப் பதிலாகக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போன இடத்தில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலையை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குளவி கொட்டி வரும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உடனடியாகத் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. அது ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும், அதைப் போடத் தெரிந்தவரோடு, ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கவும், மலைக்கு ஆளனுப்பும் முன் கூடுகளைப் பார்த்து அகற்றவும் உரியவர்களைத் தங்கள் பத்திரிகை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொகவந்தலாவை.