படம் எத்தனை மணிக்கு? பிரிட்டன் திரையரங்குகளுக்கும் அவற்றின் விளம்பர விற்பனையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டிஜிட்டல் சினிமா மீடியா, பேர்ல் அண்ட் டீன் நிறுவனத்தாருக்கும், ஓடியன், சினிவேர்ல்ட், வியூ முதலான திரையரங்கு நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

படிக்க லண்டனுக்கு வந்த புதிதில், கிழக்கு லண்டனில் ஒரு திரையரங்கில் வேலை பார்த்தேன். டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விடுவது, படம் முடிந்ததும் சிந்திய பாப்கார்னைக் கூட்டுவது. வேலைக்குப் போனதும் மேலாளர் ஒரு தாள் கொடுப்பார். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் அதில் மூன்று நேரங்கள் இருக்கும்: டிக்கெட்டில் அச்சான நேரம், படம் தொடங்கும் நேரம், முடியும் நேரம். முதல் இரண்டுக்கும் நடுவில் விளம்பரங்களும் டிரெய்லர்களும் ஓடும். கடைசி நேரம்தான் எங்களுக்கு முக்கியம். துடைப்பத்தோடு வாசலில் போய் நிற்க வேண்டும். நடுவில் உள்ள நேரத்தை வருகிறவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு மாலை, தோளில் தூங்கும் பேரனோடு ஓர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத் தமிழ். மகளும் மருமகனும் பின்னால் டிக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். “தம்பி, படம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? பிள்ளைக்குப் பால் கரைச்சுக் குடுத்திட்டு வர நேரம் இருக்கோ?” என்று கேட்டார். “டிக்கெட்டில் போட்ட நேரம்தான் அம்மா” என்றேன். கையில் இருந்த தாளில் படத்தின் நேரம் அதற்கு 28 நிமிடம் பின்னால் இருந்தது. அவர் பதறிக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வீறிட்டு அழும் பிள்ளையோடு வெளியே வந்தார். ஏதோ கார் விளம்பரத்தின் சத்தத்தில் எழுந்துவிட்டான். உள்ளே படம் இன்னும் தொடங்கவே இல்லை.

அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். இத்தனை ஆண்டுகள் கழித்து இந்தக் கடிதத்தை எழுத வைப்பதும் அதுதான்.

விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. 1946இல் பிரிட்டனில் 163 கோடி டிக்கெட்டுகள் விற்றன. தொலைக்காட்சியும் வீடியோவும் வந்த பிறகு, 1984இல் அது வெறும் 5.4 கோடியாகச் சுருங்கியது. எத்தனையோ அரங்குகள் பிங்கோ என்னும் எண் சூதாட்டக் கூடங்களாக மாறின, பல இடிபட்டன. மிச்சம் இருந்தவை விளக்கணையாமல் பார்த்துக்கொண்டதில் திரை விளம்பரக் காசுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் நிலைமை லேசாக இல்லை. 2019இல் 17.6 கோடியாக இருந்த டிக்கெட் விற்பனை, கொரோனாவுக்குப் பிறகு இன்னும் பழைய உயரத்தைத் தொடவில்லை. உங்கள் கணக்குப் புத்தகம் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டு மக்கள் திரை விளம்பரத்தை வெறுத்தவர்கள் இல்லை. 1953இல் எர்னி பேர்ல், சார்லஸ் பேர்ல் சகோதரர்களும் பாப் டீனும் தொடங்கிய பேர்ல் அண்ட் டீனுக்கு, 1968இல் பீட் மூர் அமைத்த அந்த “பப்பா பப்பா” இசையை வாயால் பாடிக் காட்டாத நடுவயது ஆங்கிலேயரை நான் பார்த்ததில்லை. பக்கத்துத் தெருக் கடைகளின் விளம்பரங்களையும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் பொதுவாக எடுத்த ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி ஓடும். கடைசியில் உள்ளூர் இந்திய உணவகத்தின் பெயர் மட்டும் ஒட்டப்பட்டு, “இந்தத் திரையரங்கிலிருந்து சில அடி தூரத்தில்” என்று ஒரு குரல் சொல்லும். அந்த உணவகங்களில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள். இந்த நாட்டின் திரையில் நம் பக்கத்து மனிதர்களின் கடைப் பெயர்கள் வந்தது அப்படித்தான். எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம். அப்புறம் 2000களில் ஆரஞ்சு நிறுவனத்தின் கைபேசி விளம்பரங்கள். படத்துக்கு முன் கைபேசியை அணைக்கச் சொல்லும் அந்தக் குறும்படங்களைப் பார்ப்பதற்காகவே முன்னதாக வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. நல்ல விளம்பரத்துக்கு ஆளைப் பிடித்து வைக்கத் தேவை இருந்ததில்லை.

சரி, நேரத்தை ஏன் மறைக்கிறீர்கள்? நீங்கள் விற்கும் சரக்கு, இருட்டில் வேறு வேலையில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கண்கள். படத்துக்குச் சற்று முன், டிரெய்லர்களும் முடிந்த பிறகு வரும் ஒற்றை விளம்பரத்துக்குக் ‘கோல்ட் ஸ்பாட்’ என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறீர்கள். தாமதமாக வருகிறவர்களும் அதற்குள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் அந்த விலைக்குக் காரணம். அதாவது எந்த நிமிடத்தில் எத்தனை பேர் இருக்கையில் இருப்பார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. விளம்பரதாரருக்கு அதைச் சொல்கிறீர்கள். டிக்கெட் வாங்குகிறவருக்குச் சொல்வதில்லை. உண்மை நேரம் தெரிந்தால் பாதிப் பேர் பிந்தி வருவார்கள் என்று பயப்படுகிறீர்கள்.

பிந்தி வர நினைப்பவர்கள் இப்போதே பிந்தித்தான் வருகிறார்கள். அடிக்கடி படம் பார்க்கிறவர்களுக்கு இந்த வழக்கம் அத்துப்படி, 20 நிமிடம் கழித்துத்தான் காரை நிறுத்துவார்கள். சொன்ன நேரத்தை நம்பி வருகிறவர்கள் யார்? ஆண்டுக்கு ஒரு தடவை பேரப்பிள்ளையோடு வரும் பாட்டி, பராமரிப்பாளரின் உதவியோடு வரும் சக்கர நாற்காலிக்காரர், இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதமான மாணவர். உங்கள் விளம்பரங்களை முழுதாகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதவும் காரணம் இருக்கிறது. எங்கள் படங்கள் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். இரவு ஒன்பது மணிக் காட்சி என்றால், அரை மணி நேர விளம்பரத்தையும் சேர்த்து நள்ளிரவு தாண்டிவிடும். 2016இல் வந்த நைட் டியூப் என்னும் இரவு முழுதும் ஓடும் சுரங்க ரயில் சேவை, ஈஸ்ட் ஹாம் வழியாகப் போகும் டிஸ்ட்ரிக்ட் லைனில் கிடையாது. கடைசி ரயிலைப் பிடிக்க, கிளைமாக்ஸை விட்டுவிட்டு ஓடுகிறவர்களை எத்தனையோ இரவுகளில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். மறுநாள் விடியற்காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள். படம் எப்போது முடியும் என்று தெரிந்திருந்தால் மாலைக் காட்சிக்கு வந்திருப்பார்கள்.

பார்வையாளரைக் காப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை. 2015இல் இங்கிலாந்து திருச்சபை கர்த்தருடைய ஜெபத்தை வைத்து எடுத்த ஒரு நிமிட விளம்பரத்தை டிஜிட்டல் சினிமா மீடியா ஏற்க மறுத்தது. அரசியல், மத விளம்பரங்கள் யாரையாவது புண்படுத்தலாம் என்று காரணம் சொன்னது. அந்த முடிவு சரிதானா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஆனாலும் எங்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு விதி வகுத்து, அதற்காக வந்த கண்டனத்தையும் தாங்கிக்கொண்டீர்கள். விளம்பரங்களின் சத்தத்துக்கும் துறை ஓர் எல்லை வைத்திருக்கிறது. எங்கள் மனதுக்கும் காதுக்கும் விதி இருக்கிறதென்றால், எங்கள் நேரத்துக்கும் ஒன்று இருக்கட்டும்.

நான் கேட்பது மிகச் சிறியது. டிக்கெட்டிலும் இணையத்திலும் ‘நிகழ்ச்சி 7.00, படம் 7.28, முடிவு 10.13’ என்று மூன்று நேரங்களையும் போடுங்கள். புதிதாக எதையும் கணக்கிட வேண்டாம். துடைப்பம் பிடிக்கும் பையனின் கையில் கொடுக்கும் தாளில் அந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. டிஜிட்டல் சினிமா மீடியாவை 2008இல் ஓடியனும் சினிவேர்ல்டும் சேர்ந்துதான் தொடங்கின. அதனால் விளம்பரத்தை விற்பவரும் அரங்கை நடத்துபவரும் ஒருவர் மேல் ஒருவர் பழிபோட வேண்டியதில்லை, ஒரே மேசையில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அதற்கு முன்பே, நாளைக் காலையிலிருந்தே, இன்னொன்று செய்யலாம். படம் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால், தாளைப் பார்த்து உள்ள நேரத்தைச் சொல்லும்படி வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு பழைய திரையரங்கு ஊழியன்