பிரிக்காமல் விட்ட செட்

மாட்டமாட்டா, நியூசிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லாரும் நலந்தானே? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. விடிகாலை நாலரைக்கு மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது உறைந்த புல் பூட்ஸுக்கு அடியில் நொறுங்குகிறது. பால் கறப்பதெல்லாம் மெஷின்தான். நான் குழாயை மாட்டிக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். ஹாமில்டனில் புழுங்கலரிசி கிடைக்கிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் சினிமாவுக்குச் செட் போட்ட உங்களுக்குத்தான் அப்பா. போன ஞாயிறு ஒரு செட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் ஹாபிட் என்கிற குள்ளர்களின் ஊர் வருமே, தம்பி லேப்டாப்பில் போட்டுக் காட்டினானே, அது இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அலெக்சாண்டர் குடும்பத்தின் ஆட்டுப்பண்ணை. 1998இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் விமானத்தில் லொகேஷன் தேடியபோது மேலிருந்து கண்ணில் பட்டதாம். கரண்டு கம்பி, ரோடு எதுவும் ஃபிரேமுக்குள் வராத மேடு. மறுவருஷம் மார்ச்சில் ராணுவமே வந்து ஒன்றரைக் கிலோமீட்டர் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு லாரி மண் அடிக்க நீங்கள் மேனேஜர் பின்னால் எத்தனை நாள் அலைந்திருக்கிறீர்கள்!

குன்றைக் குடைந்து 39 வீடுகள் போட்டார்கள். வீடு என்ன வீடு, எல்லாம் பிளைவுட்டும் தெர்மோகோலும்தான், வெறும் முகப்பு. உள்ளே நடக்கும் காட்சிகளை வெலிங்டன் ஸ்டூடியோவில் எடுத்தார்கள். ஆளைக் குள்ளமாகவும் உயரமாகவும் காட்ட வேண்டுமே, அதற்காகக் கதவுகளே வேறு வேறு அளவில் இருக்கின்றன. படம் முடிந்ததும் பிரித்து நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பதாகத்தான் பேச்சு. பிரிக்கும்போது அடைமழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றபோது 17 முகப்புகள் மிச்சம். அந்தப் பலகையைப் பார்க்கவே ஜனம் வர ஆரம்பித்துவிட்டது! நீங்களெல்லாம் பூசணிக்காய் உடைத்த மறுநாளே ஆணி பிடுங்குவீர்கள்; ஏவிஎம்மில் ஒரு மழை பெய்திருந்தால் நம் கதையும் மாறியிருக்குமோ என்னவோ. அப்புறம் 'த ஹாபிட்' படங்களுக்காக 2009இல் தொடங்கி எல்லாவற்றையும் நிரந்தரமாகவே திரும்பக் கட்டிவிட்டார்கள். இப்போது 44 வீடுகள். 2023 டிசம்பரிலிருந்து சிலவற்றுக்குள்ளேயும் போகலாம். நாற்காலி, அடுப்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள், கேமராவுக்காக இல்லை, வருகிறவர்களுக்காக.

முக்கியமான வீட்டின் தலைக்கு மேலே ஓர் ஓக் மரம் வேண்டியிருந்தது. வேறிடத்தில் நின்ற மரத்தை வெட்டி, கிளைக்குக் கிளை நம்பர் போட்டு, லாரியில் கொண்டுவந்து, மேலே ஏற்றி போல்ட் அடித்திருக்கிறார்கள். இலைகள் தைவானிலிருந்து வந்த செயற்கை இலைகள். ஒவ்வொன்றையும் கையால் கம்பியில் கட்டினார்களாம். இப்போது நிற்கும் மரம் முழுக்கவே செயற்கை. நான் கீழே நின்று பார்த்தேன், தெரியவே இல்லை.

வேலிதான் என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது. சாம்பலும் மஞ்சளுமாகப் பாசி படிந்து ஐம்பது வருஷத்து மரம் மாதிரி இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே புதுப் பலகை! தயிர், மரத்தூள், பசை எல்லாம் கலந்து அப்பியது என்று கைடு சொன்னார். கொடியில் துணி காயும் இடத்தில் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை தெரிய வேண்டும் என்பதற்காகத் தினமும் அங்கே போய்வர ஆள் போட்டிருந்தார்களாம். வந்தவர்கள் எல்லாரும் வட்டக் கதவு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலியைத் தடவிப் பார்த்தது நான் ஒருவன்தான். நீங்கள் கூட இருந்திருந்தால் கைடுக்கு அன்று வேலை இருந்திருக்காது.

இன்னொன்று. போர்க்காட்சியில் வரும் சங்கிலிக் கவசம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பைப்பை வளையம் வளையமாக வெட்டிக் கோத்தது. வெலிங்டனில் வேட்டா பட்டறையில் ஒன்றேகால் கோடி வளையங்கள் வரை சேர்த்ததாகச் சொல்கிறார்கள். கோத்தவர்களுக்குக் கைரேகையே தேய்ந்துபோனதாம். பாவம், டைட்டில் கார்டில் அவர்கள் பேரை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

தம்பிக்கு ஒரு சமாசாரம். இரண்டாம் பாகத்தில் அரக்கர் படை கத்துகிறதே, அதில் கிரிக்கெட் ரசிகர்கள் குரலும் இருக்கிறது. 2002இல் வெலிங்டனில் இங்கிலாந்தோடு ஒருநாள் போட்டி. இடைவேளையில் ஜாக்சன் மைதானத்துக்குள் மைக்கோடு வந்து, சுமார் 25,000 பேரைக் கத்த வைத்து, காலை உதைக்க வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போய்விட்டார். துணை நடிகர் பேட்டா மிச்சம்!

அந்தத் தயிர்க் கலவை நம் ஊர் வெயிலில் நிற்குமா அப்பா? நீங்கள் கோயில் செட்டுக்குப் பாசி எப்படிப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். கைடிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். விசாவுக்குப் போட்டோ கேட்டிருந்தேனே, மறக்காமல் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். டிசம்பர் என்றால் இங்கே நல்ல வெயில், அம்மாவின் முட்டிக்கும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்